அன்னாசி வந்தபோது காட்டின் மதிப்பு என்ன ஆயிற்று?

கோஸ்டா ரிகாவில் ஒரு பெரிய காப்பித் தோட்டம். அதை ஒட்டி இரண்டு சிறு காடுகள். ஒன்று 46 ஹெக்டேர், மற்றது 111 ஹெக்டேர். காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நின்ற செடிகள், தள்ளி நின்ற செடிகளைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் காய்த்தன என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

காரணம் தேனீக்கள். அராபிகா காப்பி தன் மகரந்தத்தைக் கொண்டே காய்க்கக்கூடியது என்றாலும், தேனீ வந்துபோனால் காய்ப்பு கூடுகிறது. ஒரு காய்க்குள் இரண்டு கொட்டைகள் இருக்க வேண்டும். ஒன்று கருவுறாமல் போனால் மற்றது உருண்டு திரண்டு 'பீபெரி' ஆகிவிடும். காட்டருகே இந்த பீபெரி 27 சதவீதம் குறைந்திருந்தது. அங்கு வரும் கொடுக்கில்லாத் தேனீக்கள் மரப்பொந்தில் கூடு வைப்பவை. அந்தச் சிற்றுயிர்கள் வெகுதூரம் பறப்பதில்லை. பொந்துள்ள மரம் பக்கத்தில் இருந்தால்தான் செடிக்குத் தேனீ. அந்தத் தோட்டத்துக்கு இரண்டு காடுகளும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டாலர் ஈட்டித் தந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதே நாட்டில் 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு பறவைகளைப் பற்றியது. செடிகளுக்கு வலை போட்டுப் பறவைகளைத் தடுத்துப் பார்த்தார்கள். பறவைகள் வந்துபோன செடிகளில் காய்த்துளைப்பான் வண்டின் தாக்குதல் பாதியாகக் குறைந்திருந்தது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 75 முதல் 310 டாலர் வரை மிச்சம்.

இத்தகைய கணக்குகளைப் பார்த்து நானும் மகிழ்ந்திருக்கிறேன். காட்டின் பயனை நிறுவனத்தின் மொழியிலேயே சொல்லிவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்று நம்பத் தோன்றும். ஆனால் அந்தத் தோட்டம் ஆய்வு முடிந்த கொஞ்ச காலத்திலேயே காப்பியை அகற்றிவிட்டு அன்னாசி நட்டது. அன்னாசிப் பழம் உருவாக மகரந்தச் சேர்க்கை வேண்டியதில்லை. காடும் தேனீயும் அப்படியே இருந்தன. கணக்குப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு மட்டும் பூஜ்யமாகிவிட்டது.

பயிர் மாறினாலும் விலை சரிந்தாலும் தொடக்கூடாத இடம் எது என்பதை நிறுவனம் முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும் என்பதே இதில் எனக்குக் கிடைத்த பாடம். சூழலியலாளர்கள் இதற்கு ஒரு வரிசை சொல்கிறார்கள்: முதலில் சேதத்தைத் தவிர், முடியாவிட்டால் குறை, பிறகு கெட்டதை மீட்டெடு, கடைசியில்தான் வேறோர் இடத்தில் ஈடுசெய். பல நிறுவனங்கள் கடைசிப் படியில் தொடங்கி, எங்கோ மரக்கன்று நடும் விழாவோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தக் கன்று இங்கே வெட்டிய பொந்து மரத்துக்கு எப்படி ஈடாகும்?

முதல் படி எப்படி இருக்கும் என்பதை வால்பாறையில் காணலாம். ஆனைமலையின் மேல் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம்; பெரும்பகுதி தேயிலை, இடையிடையே காப்பியும் ஏலமும், அவற்றுக்கு நடுவே எஸ்டேட்டுகள் வெட்டாமல் விட்ட மழைக்காட்டுத் துண்டுகள். பகலில் யானைகள் இந்தத் துண்டுகளிலும் ஆற்றோர மரங்களுக்கிடையிலும் ஒதுங்கி நிற்கும். இருட்டிய பிறகு தேயிலையைக் கடக்கும். ஆற்றோரத்தை மொட்டையடித்தால் யானை ஊரைவிட்டுப் போய்விடாது. மறைவிடம் இழந்து குடியிருப்புப் பக்கம் அலையும். எனவே, மறுநடவின்போது ஆற்றங்கரையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், யூகலிப்டஸை ஒரேயடியாக வெட்டலாமா பகுதி பகுதியாகவா என்பவை எஸ்டேட் மேலாளர் எடுக்கும் பல்லுயிர் முடிவுகள். தொழிலாளரின் உயிரையும் காக்கும் முடிவுகள். அங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், அருகில் யானை நிற்பது தெரியாமலேயே எதிர்ப்பட்டவர்கள். அதனால்தான் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் கொண்ட எச்சரிக்கை ஏற்பாடு அங்கே வந்தது.

மீட்டெடுப்பும் அங்கே நடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எஃப்., எஸ்டேட் நிறுவனங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சீரழிந்த காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டுவருகிறது. நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, சும்மா விட்ட இடங்களோடு ஒப்பிட்டார்கள். நட்ட இடங்களில் மர வகைகளும் மரங்கள் சேமித்த கரிமமும் அதிகம். பெருங்காட்டிலிருந்து தள்ளித் தனித்துக் கிடந்த துண்டுகளில் இந்தப் பலன் இன்னும் கூடுதல். காரணம் எளிது. கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய விதைகளைச் சுமந்து வருவது இருவாச்சிப் பறவை. அது வராத துண்டுக்கு விதையும் வராது, உண்ணிச்செடிதான் மூடிக்கொள்ளும்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் ஏற்கப்பட்ட உலகப் பல்லுயிர் ஒப்பந்தத்தின் 15ஆவது இலக்கு, பெரிய நிறுவனங்கள் இயற்கையைச் சார்ந்திருப்பதையும் அதன்மேல் ஏற்படுத்தும் தாக்கத்தையும் கணித்து வெளியிட அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் இயற்கை சார்ந்த நிதித் தகவல்களை வெளியிடுவதற்கான பன்னாட்டுப் பணிக்குழு டி.என்.எஃப்.டி.; அடுத்த ஆண்டு வெளியான அதன் பரிந்துரைகளின் அணுகுமுறையில் முதல் கேள்வி, 'உங்கள் வேலை எந்த இடத்தில் நடக்கிறது?' என்பது. எனக்கு இதில் பிடித்ததும் அதுதான். கரிமத்தை உலகம் முழுவதற்கும் ஒரே டன் கணக்கில் சொல்லிவிடலாம். வால்பாறையில் ஒரு சிங்கவால் குரங்கு சாலையைக் கடக்க மேலே கொப்பு இருக்கிறதா, இல்லை கயிற்றுப் பாலம் கட்ட வேண்டுமா என்பதை அந்தச் சாலைக்குப் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.