வெப்பம் கூடியதால் குளிரில் கருகும் பூக்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் கோதிக் என்று ஒரு ஊர் இருக்கிறது. வெள்ளிச் சுரங்கத்தை நம்பி உருவாகி, வெள்ளி போனதும் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்த ஊர். 1928-இல் அங்கே ஓர் உயிரியல் ஆய்வகம் வந்தது. 1973-இல் டேவிட் இனோயே என்ற மாணவர், புல்வெளியில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் கட்டங்கள் குறித்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவற்றுக்குள் பூத்திருக்கும் பூக்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். எண்ணுவது, எழுதி வைப்பது, அடுத்த வருடமும் வந்து எண்ணுவது, அவ்வளவுதான் வேலை. அப்படி 39 வருடங்களில் சேர்ந்த கணக்கு இருபது லட்சம் பூக்களைத் தாண்டியது. அதை அலசி 2014-இல் வெளியிட்டபோது, பூக்கும் பருவம் 35 நாள் நீண்டுவிட்டது என்று தெரிந்தது.

கேட்க நல்ல செய்தி போல இருக்கிறது, இல்லையா? ஒரு மாதத்துக்கு மேல் கூடுதலாகப் பூக்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மனசு கனக்கிறது.

அந்த மலைச்செடிகளுக்கு நாட்காட்டியே வெண்பனிதான். குளிர்காலம் முழுக்க அது ஒரு கம்பளி மாதிரி மண்ணை மூடி, கடுங்குளிரிலிருந்து வேர்களைக் காப்பாற்றுகிறது. அது உருகி விலகியதும் செடிகள் முளைவிடுகின்றன. இப்போது வசந்தம் சூடாகிவிட்டதால் பனி சீக்கிரம் உருகுகிறது. மேற்கே பாலைவனத்திலிருந்து பறந்து வரும் புழுதி படிந்து பனி அழுக்கானால், வெயிலை இன்னும் அதிகமாக உறிஞ்சி இன்னும் வேகமாக உருகும். செடிகளும் சீக்கிரமே எழுந்து மொட்டு விடுகின்றன. ஆனால் ஜூன் மாத உறைபனி மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விட, விடியற்காலையில் தரையோரம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஊட்டியில் தேயிலைக் கொழுந்து கருகுவதும் இதே மாதிரி இரவுகளில்தான். முன்பெல்லாம் அந்தக் கடைசி உறைபனி விழும்போது மொட்டுகள் இன்னும் வளர்ந்திருக்காது. இப்போது நேராக மொட்டின் மேலேயே விழுகிறது.

அங்கே ஆஸ்பென் சன்ஃபிளவர் என்று ஒரு மஞ்சள் பூ உண்டு. 1992 முதல் 1998 வரை அதன் மொட்டுகளில் சராசரியாக 36 சதவீதம் உறைபனியில் கருகின. 1999 முதல் 2006 வரை 74 சதவீதம். செடி சாகாது, பல பத்தாண்டுகள் வாழக்கூடியது, அதனால் புல்வெளி பச்சையாகவே தெரியும், பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் படாது. விதைதான் இல்லை, விதை இல்லாததால் நாற்றும் இல்லை. அந்த மொட்டைச் சுற்றிச் சுரக்கும் தேனுக்காக வரும் எறும்புகளுக்கும் அந்த வருடம் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் விருந்தாளிகள் கதை. அகன்ற வால் ஹம்மிங் பறவை குளிர்காலத்தை மெக்சிகோ பக்கம் கழித்துவிட்டு வடக்கே வரும்போது குடிக்கிற முதல் தேன்களில் ஒன்று கிளேசியர் லில்லிப் பூவுடையது. லில்லி முந்திக்கொண்டு பூக்கிறது. பல நூறு மைல் தெற்கே இருக்கும் பறவைக்கு இங்கே பனி உருகியது எப்படித் தெரியும்? முதல் பூவுக்கு முன்னால் பறவை வந்து சேர்ந்துவிடும் அந்த அவகாசம், நாற்பது வருடங்களில் 13 நாள் சுருங்கிவிட்டது. இப்படியே சுருங்கிக்கொண்டு போனால், பறவை வருவதற்கு முன்பே லில்லி பூத்துவிடும்.

சரி, பருவம் 35 நாள் நீண்டதே, தேனீக்களுக்காவது லாபமா? பருவம் இரு முனையிலும் இழுபட்டாலும், கோடையின் நடுவே பூக்கள் குறைகிற ஓர் இடைவெளி இப்போது தெரிய ஆரம்பித்திருக்கிறது. பம்பிள் தேனீக்கள் நம் ஊர்த் தேனீக்கள் மாதிரி மாதக்கணக்குக்குத் தேன் சேர்த்து வைப்பதில்லை, சில நாளுக்கு மட்டுமே கையிருப்பு. குளிரைத் தாண்டி அடுத்த வருடம் புதுக்கூடு கட்டப்போகும் ராணிகள் பிறப்பது கோடை முடியும் நேரத்தில். நடுக்கோடையில் பட்டினி கிடந்த கூட்டில் அந்த ராணிகள் குறைவாகவே பிறக்கும்.