புல் முளைத்த மேடு சரியாதா?

நிலக்கரியை எடுக்கத் தோண்டிய மண்ணையும் பாறையையும் கொட்டிவைக்கும் மேட்டைச் சுரங்கத்தில் ஓ.பி. டம்ப் என்போம். நெய்வேலிப் பக்கம் தொலைவிலிருந்தே தெரியும் மேடுகளும் இந்த வகைதான். மழைக்கு முன் சோதிக்கப் போனால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "பதினைந்து வருஷமா நிக்குது சார், புல்லே முளைச்சிருச்சு, இனி எங்க போகப்போகுது?"

போன வாரமும் இதையே கேட்டேன். அந்த மேட்டின் தலையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதில் ஜல்லியைக் கொட்டி மூடியிருந்தார்கள். வெடிப்பை மூடத்தான் வேண்டும். ஆனால் முதலில் இரண்டு பக்கமும் முளை அடித்து இடைவெளியை அளந்து குறித்துவிட்டு, களிமண்ணால் மூட வேண்டும். ஜல்லி போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும்.

புல்லின் வேர் ஒரு முழம் போகும். மேடு சறுக்குவதோ பத்து, இருபது மீட்டர் ஆழத்தில். வயதும் காப்பாற்றாது. உள்ளே இருக்கும் களிப்பாறை வருஷாவருஷம் நனைந்து, உடைந்து, சேறாகிறது. பழைய மேடு என்றால் எனக்குக் கவலைதான் கூடும்.

அடுத்த சமாதானம், "விதிப்படிதான் இருக்கு." சரிவு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிகளாக வெட்ட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகள். சரி. மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? வேல்ஸில் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே நின்ற கழிவு மேடு ஓர் ஊற்றின் மேல் கொட்டப்பட்டது. அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21 காலையில் மேட்டின் தலை இறங்கியிருந்ததைத் தொழிலாளர்கள் பார்த்தார்கள். அடுத்த சில மணி நேரத்துக்குள் அது பள்ளிக்கூடத்தின் மேல் சரிந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள்.

மழை முடிந்தால் நிம்மதி என்பதும் தப்பு. ஜார்க்கண்டின் லால்மாட்டியா நிலக்கரிச் சுரங்கத்தில் 23 பேரை மண் மூடியது டிசம்பர் மாதத்தில், 2016இல்.

தயவுசெய்து மேலே ஜீப்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அடியில் இறங்கி நடங்கள். தரை உப்பியிருக்கிறதா, புதிதாகக் கசிவு வருகிறதா, வரும் நீர் கலங்கலா என்று பாருங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது; அன்றைக்கே கொட்டுவதை நிறுத்துங்கள். சுற்று வாய்க்காலை மே மாதத்திலேயே தூர்வாருங்கள். பாதைக்காக மேட்டின் அடியை வெட்டவே வெட்டாதீர்கள். பழைய ஓடை, குட்டை மேல் கொட்டாதீர்கள்.

அப்புறம், அடியில் கரி பொறுக்க வரும் அம்மாக்களே, பிள்ளைகளைக் கூட்டிவராதீர்கள். மழைநாளில் நீங்களும் வர வேண்டாம். அங்கே தகரக் கொட்டகை போட்டிருக்கும் கான்ட்ராக்டர்கள் அதை இந்த வாரமே தள்ளிப் போடுங்கள்.