யாழ்ப்பறவை ரம்பத்தின் குரலில் பாடுவதில்லை

தென்கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் பறவை ஒலிகளைப் பதிவு செய்வது என் தொழில். அதைச் சொன்னவுடன் பலரும் கேட்பது, ரம்பம்போல ஒலியெழுப்பும் யாழ்ப்பறவையை (lyrebird, பிற ஒலிகளை அப்படியே எழுப்பும் ஆஸ்திரேலியப் பறவை) பதிவு செய்திருக்கிறீர்களா என்பதுதான். ரம்பத்தையும் கேமராவையும் போல ஒலித்துப் புகழ்பெற்றவை பெரும்பாலும் மனிதர் நடுவே கூண்டில் வளர்ந்த பறவைகள். 2021-இல் குழந்தை அழுவதுபோல் குரல் கொடுத்த சிட்னி டாரோங்கா விலங்குக் காட்சிசாலையின் 'எக்கோ'வும் அத்தகையதே. காட்டில் வாழும் யாழ்ப்பறவை பெரும்பாலும் பிற பறவைகளின் குரல்களையே எடுத்தாள்கிறது.

மெல்பர்னை அடுத்த ஷெர்புரூக் காட்டில், ஜூலை மாத விடியற்காலையில், கூக்கபுரா என்ற மீன்கொத்தி இனப் பறவையின் சிரிப்பைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் சாட்டைப்பறவையும் கிளியும் அதே புதரிலிருந்து இடைவெளியின்றி ஒலித்தன. அத்தனையும் ஒரே யாழ்ப்பறவையின் குரல். சாட்டைப்பறவைகளில் ஆண் சாட்டை சொடுக்குவதுபோல் கூவ, பெண் உடனே மறுகுரல் கொடுக்கும். அந்த இருவர் பாட்டை யாழ்ப்பறவை தனியாகவே பாடிவிடுகிறது. இந்தத் திறமை ஆண் யாழ்ப்பறவைக்கு மட்டும் உரியதன்று. பெண்ணும் பாடுகிறது, பிற குரல்களையும் எழுப்புகிறது. ஆய்வுலகம்தான் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை.

இப்பறவையின் வாழ்க்கை பெரும்பாலும் தரையில் கழிகிறது. புழு பூச்சிகளைத் தேடி வலிய கால்களால் சருகையும் மண்ணையும் கிளறுகிறது. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்குச் சராசரியாக 155 டன் அளவுக்கு இவ்வாறு புரட்டப்படுவதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெண் பறவை குளிர்காலத்தில் ஒரே ஒரு முட்டையிட்டு, ஏறத்தாழ ஐம்பது நாள்கள் தனியாக அடைகாத்து, குஞ்சையும் தானே வளர்க்கிறது. கூடு பல இடங்களில் தரையிலோ தரைக்குச் சற்று மேலோ இருப்பதால் நரிக்கும் பூனைக்கும் எளிதில் எட்டுகிறது. அந்த ஒற்றைக் குஞ்சு போனால் பெரும்பாலும் அவ்வாண்டின் இனப்பெருக்கமே போயிற்று. 2019-20 காட்டுத்தீயும் இதன் வாழிடத்தில் கணிசமான பகுதியை எரித்துவிட்ட நிலையில், இந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

பறவையை வெளியே வரவழைக்கக் கைப்பேசியில் அதன் பாடலை ஒலிக்கவிடுவோரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: போட்டியாளன் வந்துவிட்டதாக எண்ணி ஆண் பறவை பாட்டையும் இரையையும் விட்டு அலைகிறது. காட்டையொட்டி வசிப்போர் பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள். நாய்க்கு அனுமதி உள்ள பாதைகளிலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பாதையை விட்டு இறங்காமல் இருபது நிமிடம் அசையாமல் நின்றால், பாடல் பெரும்பாலும் தானாகவே காதில் விழும்.