பூனையின் பல்குழியில் கண்ணாடித் தூள்

"எங்கள் வீட்டுப் பூனைக்குக் கீழ்த்தாடைக் கோரைப்பல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். குழிக்குள் டாக்டர் ஏதோ வெள்ளைத் தூளை ரத்தத்தில் குழைத்து வைத்துத் தைத்தார். பில்லில் 'போன் கிராஃப்ட்', அதாவது எலும்பு ஒட்டு, என்று போட்டிருந்தது. அந்தத் தூள்தான் எலும்பாக மாறுமா? பழையபடி கருவாடு எப்போது கொடுக்கலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கருவாட்டைக் கடைசியில் பார்ப்போம்.

பூனைக்கு மொத்தம் 30 பற்கள். நமக்கு வருகிற மாதிரிச் சொத்தை அதற்கு அநேகமாக வருவதே இல்லை. அதைவிட மோசமான ஒன்று வரும். எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் பங்காளிகள் பல்லின் பக்கம் திரும்பி, நல்ல பல்லையே குடைந்து தின்றுவிடும். ஏன் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. வயதான பூனைகளில் இவ்வளவு சாதாரணமாகப் பார்க்கிற நோய் இது. ஆனால் பூனைப் பல்லுக்கு ஆராய்ச்சிப் பணம் கேட்டுப் போனால் சிரிப்பார்கள். மருந்து கிடையாது, பல்லை எடுப்பதுதான் வழி.

எடுத்த குழியில் ரத்தம் நிரம்பிச் சில நிமிடத்தில் உறையும். அந்த உறைகட்டிக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கும், நார்த்திசு வரும், சில வாரங்களில் அவசரத்துக்குக் கட்டிய மாதிரிப் புது எலும்பு இழைகள் தெரியும். அப்புறம் மாதக்கணக்கில் உடம்பு அதை இடித்து இடித்துக் கட்டி ஒழுங்கான எலும்பாக்கும். கை முறிந்தால் எலும்பு கூடுவதைப் பள்ளியில் படித்தோமே, கிட்டத்தட்ட அதே கதை. சின்னப் பல்குழிகளுக்கு இதுவே போதும், தூளெல்லாம் வேண்டாம்.

கீழ்க் கோரைப்பல் அப்படியல்ல. வெளியே தெரிவதைவிட உள்ளே இருக்கும் வேர் பெரியது. தாடையின் முன்பகுதியில் பெரும் இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இடது வலது தாடைகள் முன்னால் சேருமிடம் பூனைக்கு ஆயுசு முழுக்க நாரும் குருத்தெலும்புமாகவே இருக்கும். அங்கே வேரை எடுத்தால் மிஞ்சுவது மெல்லிய எலும்பு ஓடு. தாடை முறியக்கூடும், குழியின் விளிம்பும் நாளடைவில் கரைந்து தாழும். அதனால்தான் சில டாக்டர்கள் தூளை நிரப்புகிறார்கள்.

வேறு பூனையின் எலும்பைப் பதப்படுத்திய தூள் உண்டு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் உண்டு. எனக்குப் பிடித்தது கண்ணாடித் தூள். ஆமாம், கண்ணாடியேதான்.

1967இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்துப் பொருளறிவியல் ஆராய்ச்சியாளர் லாரி ஹென்ச் ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போனார். பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவக் கர்னல். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்காததால் காயம்பட்டவர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, உடம்பு ஏற்கிற பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா என்று கேட்டார். 1969இல் ஹென்ச் செய்த கண்ணாடியை எலிகளின் தொடையெலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால், வரவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, அதாவது மணல் சத்து. ஹென்ச்சின் கண்ணாடியில் எடைக்கு 45 சதவீதம்தான். மீதி சோடியம், கால்சியம், கொஞ்சம் பாஸ்பரஸ் ஆக்சைடுகள். ஜன்னலுக்கு இது மட்டமான சரக்கு, ஈரத்தில் கரையும். அந்தக் குறைதான் இங்கே வேலை செய்கிறது. ரத்தம் பட்டதும் துகளின் மேற்பரப்பிலிருந்து சோடியம் கிளம்பும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி புகும். சுற்றியுள்ள நீர் காரத்தன்மை பெறும். காரம் ஏற ஏற சிலிக்கா வலை அறுந்து, அதிகம் வெந்த சோறு போல மேற்பரப்பு குழைந்து கூழாகும். அந்தக் கூழின் மேல், கண்ணாடியிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படியும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அந்த மாதிரி. முதலில் ஒழுங்கில்லாத பூச்சு. பிறகு கார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு படிகமாகும். அந்தப் படிகம் ஏறத்தாழ எலும்பில் இருக்கிற அதே தாது!

குழிக்குள் வரும் எலும்பு கட்டும் உயிரணுவுக்கு இப்போது எதிரே கண்ணாடி தெரியாது, சொந்தக்காரன் முகம்தான் தெரியும். அது சுரக்கும் கொலாஜன் என்கிற புரத நார் அந்தப் பூச்சோடு பின்னிக்கொள்ளும். ஆக, தூள் எலும்பாவதில்லை. எலும்பைக் கட்டுவது உங்கள் பூனை. தூள் வெறும் கட்டடச் சாரம். வேலை முடிய முடிய அதுவே மெல்லக் கரையும், ஆள் விட்டுப் பிரிக்க வேண்டாம்.

பூனை குர்ரென்று முனகினால் அந்த அதிர்விலேயே எலும்பு தானே கூடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடா வருடம் வருகிறது. 2001இல் செம்மறியாடுகளை ஒரு வருடம் தினம் 20 நிமிடம் அதிரும் பலகையில் நிற்க வைத்தார்கள். தொடையெலும்பின் பஞ்சு போன்ற உட்பகுதி 34 சதவீதம் அடர்த்தியானது உண்மை. ஆனால் அது ஆடு, அது பலகை. அதை வைத்துப் பூனைக்கு முடிச்சுப் போடுவது ஆசைதானே தவிர நிரூபணமல்ல.

சரி, கருவாடு. தையல் தானே கரையும். இரண்டு வாரம் போல முள்ளெடுத்து வேகவைத்த மீன் மாதிரி மிருதுவானதாகக் கொடுங்கள். ஈறு மூடிவிட்டதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அப்போதும் உள்ளே எலும்பு முழுசாக வந்திருக்காது. கோரைப்பல் இல்லாமலே பூனை நன்றாகச் சாப்பிடும், கவலை வேண்டாம். கருவாட்டில் இருக்கிற உப்புக்கு, பல் இருந்தபோதே அதைக் கொடுத்திருக்கக் கூடாது.