கிட்டாரின் காந்தாரமும் தொண்டையின் காந்தாரமும்

பீட்டர், பால் அண்ட் மேரி, கிங்ஸ்டன் ட்ரையோ, இங்கிலாந்தின் வாட்டர்சன்ஸ். மூன்றும் 1950, 60களின் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சியில் புகழ்பெற்ற குழுக்கள். பாட்டு புதிதாக இருந்தாலும் சில நொடிகளில் இன்னார் என்று காது கண்டுபிடித்துவிடுகிறதே, எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

ஆட்களும் வாத்தியங்களும் வேறு என்பது பாதி பதில். 1958இல் ‘டாம் டூலி’யால் பிரபலமான கிங்ஸ்டன் ட்ரையோவில் மூன்று ஆண் குரல்கள், கூடவே பாஞ்சோ, கிட்டார். 1961இல் உருவான பீட்டர், பால் அண்ட் மேரியில் இரண்டு கிட்டார், ஒரு பெண்குரல். ஹல் நகரத்து வாட்டர்சன்ஸ் பெரும்பாலும் வாத்தியமே இல்லாமல் பாடினார்கள். மீதிப் பாதியைப் பள்ளியில் படித்த ‘விம்மல்’ சொல்லிவிடும். கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண்ணுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்குமே, அதுதான். இரண்டு அதிர்வெண்ணின் வித்தியாசம் எவ்வளவோ, நொடிக்கு அத்தனை விம்மல்.

ஒருவர் 220 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் (‘ஸ’) பிடிக்கிறார். அவர் குரலில் 440, 660, 880, 1,100 என்று மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். இன்னொருவர் 275இல் அந்தர காந்தாரம் (பெரிய ‘க’) பிடித்தால் அதன் நான்கு மடங்கும் அதே 1,100. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். தம்பூராவின் ஸட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் காந்தாரம் இந்த ஐந்தாம் மடங்கிலிருந்து வருவதுதான்.

கிட்டாரில் இதற்கு வழியில்லை. கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக, அதாவது பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பிரிப்பதால் அந்தக் காந்தாரம் 277.2இல் விழுகிறது. நான்கு மடங்கு 1,108.7. நொடிக்கு ஒன்பது விம்மல்! பஞ்சமத்தில் (‘ப’) இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அங்கே நொடிக்கு ஒன்றுக்கும் குறைவு.

மீட்டிய தந்தி சீக்கிரம் தணிவதால் இந்த நடுக்கம் கிட்டாரில் உறுத்தாது. குரல் அப்படியல்ல, நீண்டு நிற்கும். கிட்டாரோடு பாடுபவர் 275க்குப் போனால் கிட்டாரோடு மோதுவார், 277இல் நின்றால் பக்கத்துக் குரலோடு மோதுவார். அதனால் கிட்டார் குழுக்களின் கூட்டொலியில் எப்போதும் ஒரு மினுமினுப்பு. வாட்டர்சன்ஸுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பல இடங்களில் காந்தாரத்தையே விட்டுவிட்டு, ஒரே சுரத்திலும் பஞ்சம இடைவெளியிலும் நிற்பார்கள். அந்தக் கல் போன்ற உறுதி அங்கிருந்துதான் வருகிறது.

உயிரெழுத்துக்கும் இதில் பங்குண்டு என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். ‘ஆ’ என்று வாயைத் திறந்தால் சுமார் 700 முதல் 1,200 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி ஓங்கும். நம் 1,100 அதற்குள் வருகிறது. ‘ஈ’ என்றால் அதே பகுதி அமுங்கிப்போகும். ஆகவே ஒரே சுருதிப் பிசகு ‘ஆ’வில் அப்பட்டமாகக் கேட்கும், ‘ஈ’யில் ஒளிந்துகொள்ளும். குழுக்களை ஒப்பிட விரும்புகிறவர்கள் ‘ஆ’வில் நீட்டி முடியும் அடிகளைத் தேடிக் கேளுங்கள். பாடிப் பார்ப்பவர்கள் குரலை அசைக்கவே கூடாது. மேற்கத்திய மேடைப் பாடகரின் குரல் நடுக்கம் அரைச்சுரத்தில் பாதி அளவுக்கு மேலும் கீழும் போகும். நாம் தேடும் வித்தியாசமோ அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்குதான்.

வாட்டர்சன்ஸில் நார்மா, மைக், லால் மூவரும் உடன்பிறந்தவர்கள் என்பதால் ‘ரத்தத்திலேயே இசை’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ‘ஆ’வை ஒரே மாதிரி திறக்கிறார்கள், மூச்சை ஒரே இடத்தில் எடுக்கிறார்கள். நான்காமவரான ஜான் ஹாரிசன் அவர்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. அவர் குரலும் அந்தக் கூட்டில் பிசிறில்லாமல் பொருந்தியிருக்கிறது.