டியூப்லைட்டுக்குக் கீழே நிற்காதீர்கள்

"அண்ணா, வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பியிருக்கேன். கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணி, மூக்கை மட்டும் சின்னதாக்கிக் குடுங்க. பொண்ணு வீட்டுக்கு இன்னைக்கே அனுப்பணும்."

ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கு இப்போது இதுவும் அன்றாட வேலையாகிவிட்டது. நாங்கள் படம் எடுப்பதைவிட, வீட்டில் எடுத்த செல்ஃபிகளுக்கு உயிர் கொடுப்பதுதான் அதிகம். போன வாரம் இப்படிக் கேட்ட பையனை நேரிலும் பார்த்தேன். நல்ல களையான முகம், மூக்கில் ஒரு குறையும் இல்லை. போனை ஒரு அடி தூரத்தில் பிடித்து, தலைக்கு மேலே டியூப்லைட்டை வைத்துக்கொண்டு, பியூட்டி மோடையும் போட்டு எடுத்தால் யார் முகமும் அப்படித்தான் வரும்.

முதலில் இந்த 'பளிச்' விவகாரம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். வெளிச்சம் நிறைய இருந்தால் முகம் வெள்ளையாகும், வெள்ளையாக இருந்தால் அது நல்ல படம் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். முகத்துக்கு வடிவம் கொடுப்பது நிழல். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் சற்று மங்கலும் இருந்தால்தான் மூக்கின் விளிம்பு, கன்னத்தின் வளைவு, தாடையின் கோடு எல்லாம் தெரியும். எதிரே இருந்து ஃப்ளாஷ் அடித்தால் அத்தனையும் போய், நெற்றியில் எண்ணெய் மினுமினுப்பும் பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழலும்தான் மிஞ்சும். பியூட்டி மோடு இதே காரியத்தை மென்பொருளால் செய்கிறது: கோலமாவை அப்பியது போல முகம் முழுக்க ஒரே சாம்பல் வெளுப்பு. பாஸ்போர்ட்டுக்கு இப்படித் திருத்திய படம் செல்லாது. வரன் பார்ப்பவர்களும் நேரில் வரத்தானே போகிறார்கள்?

மாநிறமும் கருப்புமாக இருப்பவர்கள்தான் கேமராவுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையைச் சொன்னால், அவர்களை எடுக்கத்தான் எனக்குக் கை பரபரக்கும். ஜன்னல் போன்ற பெரிய வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போது, கருத்த தோலில் கன்ன எலும்பிலும் மூக்குத்தண்டிலும் மெல்லிய பளபளப்பு ஓடும். அந்தப் பளபளப்புதான் படம். அதைத்தான் முதல் வேலையாக அழிக்கச் சொல்கிறீர்கள்.

சரி, டியூப்லைட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் அது சுவரில், கூரையை ஒட்டி இருக்கும். அதன் கீழேதான் வெறுஞ்சுவர் கிடைக்கிறது, பின்னணி சுத்தமாக இருக்கும் என்று அங்கே போய் முதுகைச் சாய்த்து நிற்கிறீர்கள். வெளிச்சம் உச்சந்தலையில் கொட்டுகிறது, கண்கள் குழியாகிவிடுகின்றன. ராத்திரியில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் எதிர்ச்சுவருக்குப் போய் விளக்கைப் பார்த்து நில்லுங்கள். கூடவே எரியும் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் பாதி முகம் நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வரும். அதைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

பகலில் எடுத்தால் செலவே இல்லை. வாசல் நிலைப்படிக்கு இரண்டடி உள்ளே நின்று வெளியே பாருங்கள், அவ்வளவுதான். வானத்தின் வெளிச்சம் முழுக்க முன்னால் விழும். வாசலில் சிமெண்டுத் தரை இருந்தால் கீழிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் எழும்பி, கண்ணடி இருட்டைக் குறைக்கும். வெயில் மட்டும் நேராக முகத்தில் படக் கூடாது. அடுத்தது ஜன்னல். நேராகப் பார்க்காமல் அரைப்பக்கமாகத் திரும்பி உட்காருங்கள். வெயில் உள்ளே பாய்ந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டுங்கள். இருட்டான பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஜன்னலை விட்டு ரொம்ப விலகவும் வேண்டாம், சின்ன ஜன்னலென்றால் தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். ரிங் லைட் வாங்கியவர்கள் அதையும் முகத்துக்கு நேரே வைக்காமல் சற்று உயரமாக, ஒரு பக்கமாக வையுங்கள். கண்ணாடி போட்டவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டு கண்ணிலும் வளையம்தான் தெரியும்.

எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். முகத்தையும்தான். பிறகு, கூட யாராவது இருந்தால், திரையில் உங்கள் கன்னத்தின் மேல் விரலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஃபோகஸ் அங்கேயே நிலைத்துவிடும், பல போன்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுக்கச் சொல்லுங்கள். ஆமாம், கீழே. படம் ஒரு சுற்று இருட்டாக இருந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்து எரிந்துபோன நெற்றியில் ஏற்றுவதற்கோ இறக்குவதற்கோ ஒன்றும் இருக்காது.

மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் தூரம்தான். 2018இல் அமெரிக்காவில் முக அறுவை மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஒரு அடி தூரத்தில் எடுத்ததில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி அவர்களிடமும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எங்களிடம் வருவது பரவாயில்லை, நாங்கள் கத்தியை எடுப்பதில்லை.

ஆகவே போனைக் கையில் பிடிக்காதீர்கள். புத்தக அடுக்கிலோ ஸ்டாண்டிலோ கண் உயரத்தில் நிறுத்தி, பின்பக்கக் கேமராவை உங்கள் பக்கம் திருப்பி, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி நில்லுங்கள். இடுப்புவரை விழும், விழட்டும். 12 மெகாபிக்சல் படத்தில் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினாலும் 2000க்கு 1500 புள்ளிகள் மிஞ்சும், ஆறுக்கு நாலு பிரிண்ட் போட அது தாராளம். அதனால் "என்ன போன் வாங்கலாம் அண்ணா" என்ற கேள்விக்கு என் பதில், இருப்பதே போதும்.

முன்பக்கக் கேமராவில், கண்ணாடியில் போல இடவலம் மாறிய முகத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு இப்படி எடுத்த படத்தில் முகம் கோணலாகத் தோன்றலாம். கோணல் இல்லை. வகிடு உண்மையில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தெரிகிறது. ஊரே உங்களை அப்படித்தான் பார்க்கிறது.

இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிக் கெடுத்துவிடாதீர்கள். அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், முடிந்தால் பொண்ணு வீட்டார் கேட்பதற்கு ஒரு நாள் முன்பாகவே.