நாற்பது காலை வணக்கங்கள்

கடந்த ஆண்டு என் மனநல ஆலோசனை அறைக்கு, ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மாமா இரவு இரண்டு மணி வரை செல்போனும் கையுமாக இருக்கிறார், டாக்டர். சோறு ஆறிப்போவதுகூடத் தெரிவதில்லை."

பெரியவர் மறுக்கவில்லை. செல்போனை என்னிடம் நீட்டினார். விடியற்காலை நான்கரை மணிக்கு, ரோஜாப்பூப் படத்துடன் நாற்பது பேருக்கு 'இனிய காலை வணக்கம்' போயிருந்தது. பதில் எழுதியவர்கள் மூன்று பேர். "மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

செல்போன் பழக்கம் என்றதும் பிள்ளைகளைத்தான் கண்டிக்கிறோம். அறுபதைக் கடந்தவர்களைப் 'பாவம், பொழுது போகட்டும்' என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

எந்த வயதினர் வந்தாலும் நான் முதலில் கேட்பது, கை எந்த நேரத்தில் செல்போனைத் தேடுகிறது என்பதைத்தான். மூன்று நாள், எடுத்த நேரத்தையும் அதற்குச் சற்று முன் மனம் இருந்த நிலையையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்வேன். அவருடைய நோட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மூன்று நாளும் ஒரே சொல்தான் இருந்தது: 'கட்டில்'.

இதை மனஉறுதிக் குறைவு என்று ஏசுவது அநியாயம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக்குகிறது என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து எப்போதோ காட்டிவிட்டார். அடுத்த செய்தி, அடுத்த குறுங்காணொளி என்று முடிவில்லாமல் விரல் தள்ளிக்கொண்டே போவதும் அதனால்தான்.

'அடிமை' என்று பட்டம் கட்டவும் வேண்டாம். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மின்னணு விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. செல்போன் அடிமைத்தனம் என்று தனி நோய் இல்லை. ஆனால் நிறுத்த நினைத்தும் முடியவில்லை, பிடித்த வேலைகளெல்லாம் கைவிட்டுப் போயின, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது என்றால் தயங்காமல் உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.

பெரியவரிடமிருந்து செல்போனைப் பிடுங்க வேண்டாம் என்று மருமகளிடம் சொன்னேன். சார்ஜர் மட்டும் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாறியது. எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வந்தது. அறிவிப்பு ஒலிகளை அணைத்தோம். இரவுச் சாப்பாட்டின்போது பேரன் உட்பட எல்லாருடைய செல்போனும் குளிர்சாதனப் பெட்டியின் மேலே போயிற்று. முதல் வாரம் தூக்கம் இன்னும் கெட்டது. அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அடுத்த ஆறு சந்திப்புகள் அதற்கே போயின.

பதில் எழுதிய மூவரில் ஒருவர், பதினோரு ஆண்டுகள் அவருடன் ஒரே பஸ்ஸில் ஓட்டுநராக இருந்தவர். படம் அனுப்பாமல் அவரை அழைத்துப் பேசச் சொன்னேன். முதல் பேச்சு நாற்பது நிமிடம் நீண்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் பஸ் நிலையத்து டீக்கடையில் இருவரும் சந்திக்கிறார்கள். சில இரவுகளில் இன்னும் எழுந்து கூடத்துக்குப் போய் செல்போனை எடுத்துவிடுகிறார். அதையும் நோட்டில் எழுதி வந்து காட்டுகிறார்.